ஒற்றைப்படை வீடுகள்

முதுகலையின் முதல் பருவம் முழுக்க
இறந்தவர்களின் மூளைகளோடு போயிற்று.
எத்தனை முறை கழுவினாலும் விரலில் ஃபார்மலின் வாடை.
பிறகு உயிருள்ளவை:
மூன்று மில்லிமீட்டர் துண்டுகளாக, சாம்பல் நிறத்தில், திரையில்.
யூடித்தும் நானும் முறை வைத்து
எம்.ஆர்.ஐ குழாய்க்குள் தலையை வாடகைக்கு விட்டோம்.
மணிக்குப் பத்து யூரோ, கூடவே ஒரு படம்.
என் மூளை இப்போது ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது,
பால் தீர்ந்துவிட்டது என்ற சீட்டுக்குப் பக்கத்தில்.

இரண்டாம் பருவத்தில் மனிதர்களைக் கொடுத்தார்கள்.
வியாழன்தோறும் மாஸ்ட்ரிக்டிலிருந்து ரயில்,
ஹேர்லன் மறுவாழ்வு மருத்துவமனை, மூன்றாம் மாடி.
ஹூப் ஸ்கேப்பர்ஸ், எழுபத்தொன்று, ஓய்வுபெற்ற தபால்காரர்.
வலது மூளையில் அடைப்பு, ஒன்பது வாரம்.

கடிகாரம் வரையச் சொன்னேன்.
பன்னிரண்டு எண்களும் வலப்பாதியில்
கடைசிப் பேருந்தின் பயணிகளைப் போல நெருக்கியடித்து நின்றன.
வலக் கன்னம் மட்டும் மழித்திருந்தார்.
செர்ரி வ்லாயில் பாதியைத் தின்றுவிட்டு
இவ்வளவுதானா என்று சமையலறையைத் திட்டினார்.

பாடநூலில் இதற்குப் பெயர் புறக்கணிப்பு.
புறக்கணிக்க
முதலில் தெரிந்திருக்க வேண்டாமா?
அவருக்கு அந்தப் பக்கம்
இருட்டாகக்கூட இல்லை.

“ஃபீன் இன்னும் வரலையா?” என்று கேட்டார் என்னிடம்.
அவருடைய இடது கை
ஃபீனின் மடியில் இருந்தது.

வழிமுறைத் தாள் சொல்கிறது:
சாடை காட்டாதே. தலையசைக்காதே. திருத்தாதே.
தலையசைக்கவில்லை.
கண்ணை மூடச் சொல்லிவிட்டு, ஸ்டாப்வாட்சை அழுத்திக் கேட்டேன்:
நீங்கள் முப்பத்தொரு வருடம் தபால் போட்ட தெரு.
தேவாலயத்தை முதுகுக்குப் பின்னால் விட்டு நடங்கள்.
யார் யார் வீடு?

நடந்தார்.
ஒன்று, பேக்கரி விதவை.
மூன்று, நாய், கடிக்காது, பையைத்தான் பிடிக்காது.
ஐந்தில் வரி நோட்டீஸ் மட்டும் வரும்.
ஏழில் தபால் பெட்டி மிகத் தாழ்வு, முதுகு போயிற்று.
இப்படியே நாற்பத்தேழு வரை ஒற்றைப்படையாகவே போனார்.
எதிர்வரிசையில் ஒரு கூரைகூட இல்லை,
யாரோ ஒரே இரவில் அள்ளிக்கொண்டு போனது போல.

“மருந்துக்கடை வந்துவிட்டது. இப்போது திரும்பி நடங்கள்.”

நாற்பத்தெட்டு, என்றார் உடனே. பச்சைக் கதவு.
நாற்பத்தாறு, இரட்டையர், கடிதம் மாறினால் சண்டை.
முப்பது. இருபத்தாறு. இருபத்து நான்கு.
இருபத்திரண்டில் நின்றார்.

“இங்கே ஒரு பெண்.
ஆண்ட்வெர்ப்பிலிருந்து அக்கா எழுதுவாள் இவளுக்கு.
பெட்டியில் போட்டால் போதும்.
நான் மணி அடிப்பேன்.”

ஃபீன் ஜன்னலைப் பார்த்தாள்.
கீழே வண்டி நிறுத்துமிடம். மழை. வேறொன்றுமில்லை.

பிறகு இருபது, பதினெட்டு என்று இறங்கி
தேவாலயம் வரை வந்து சேர்ந்தார்.
பேக்கரி விதவை இப்போது இல்லை. நாயும் இல்லை.

நடைக்கூடத்தில் கோட்டை மாட்டிக்கொண்டே கேட்டேன்:
நீங்கள் வலப்பக்கம் உட்காரலாமே?
“இடப்பக்கம் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள்.
தேடிப் பழகட்டுமாம்.”
தெரியும். பரீட்சையில் நானே எழுதியிருக்கிறேன்,
தொடர்ந்து இடப்புறத் தூண்டல் என்று, பத்துக்கு எட்டு.
“ஒன்பது வாரமாச்சு, இன்னும் தேடலை,” என்றாள்.
கொஞ்சம் கழித்து:
“இனிமேல் எப்பவும்
மருந்துக்கடைப் பக்கமிருந்தே நடக்கச் சொல்லுங்களேன்.”

ரயிலில் படிவத்தை நிரப்பினேன்.
முதல் நடை, விடுபட்டவை: இருபத்து நான்கு.
இரண்டாம் நடை: இருபத்து நான்கு.
மணி அடித்ததைக் குறிக்கக் கட்டம் இல்லை.
நாளை புள்ளியியல் தேர்வு, ஒன்றும் படிக்கவில்லை.

மொத்த நேரம் என்ற இடத்தில் பேனா நின்றது.
கோட்டுப் பைக்குள் கையை விட்டேன்.
ஸ்டாப்வாட்ச்
இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.